பழைய விமானப்படை விங்ஸ் கையில் கிடைத்தால்: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

இரண்டு சிறகு, நடுவில் ஏதோ எழுத்து, மேலே கிரீடமோ நட்சத்திரமோ. இப்படி ஒரு பேட்ஜ் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ பழைய சாமான் கடையிலோ கிடைத்தால் எல்லாரும் படம் எடுத்து இணையத்தில் தேடுகிறார்கள். வழக்கமான வகையாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். கொஞ்சம் வித்தியாசமான வகை என்றால்தான் தலைவலி. ஒருவர் "அபூர்வம், விட்டுடாதீங்க" என்பார், அடுத்தவர் "போலி, தூக்கிப் போடுங்க" என்பார், இரண்டு பேரும் பார்த்தது அதே மங்கலான படத்தைத்தான். இதில் நிறைய அலைந்த பிறகு எனக்கென்று ஒரு வரிசை உருவாகியிருக்கிறது. புதிதாக வருபவர்கள் அதே அலைச்சலைப் படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். விமானக் குழுவினர் சீருடையில் அணியும் இந்தச் சிறகு பேட்ஜை, சேகரிப்பவர்கள் சொல்வது போலவே 'விங்ஸ்' என்றே எழுதிவிடுகிறேன். நம் பக்கம் கைக்கு வருபவை பெரும்பாலும் பிரிட்டிஷ், இந்திய, அமெரிக்க விங்ஸ்தான், அதனால் அவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1. புளியையும் விபூதியையும் தள்ளி வையுங்கள்

வெள்ளி என்றால் விபூதி, பித்தளை என்றால் புளி அல்லது பீதாம்பரி. நம் வீட்டுப் பழக்கம் இது, பேட்ஜுக்கு இதுதான் முதல் ஆபத்து. எழுத்துகளின் இடுக்கில் படிந்த கறுப்பும் பின் ஊசியின் அடியில் சேர்ந்த பச்சைக் களிம்பும்தான் உங்கள் சாட்சி. தேய்த்துவிட்டால் பழசா புதுசா என்று சொல்ல யாராலும் முடியாது, விலையும் விழும். துணி பேட்ஜை சோப்புத் தூளில் நனைக்கவே கூடாது, ஏன் என்று அடுத்த பகுதியிலேயே தெரியும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

சட்டையில் தைத்தபடியே கிடைத்திருந்தால் பிரிக்காதீர்கள். சட்டையோடு இருப்பதே ஒரு ஆவணம்.

2. வாங்க வேண்டிய சாமான்கள்

10 மடங்கு பெரிதாக்கும் லூப், டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர், நகை நிறுக்கும் சின்னத் தராசு, யூவி டார்ச். எல்லாம் சேர்த்து சுமார் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். யூவி டார்ச் வாங்கும்போது 365 நானோமீட்டர் என்று பார்த்து வாங்குங்கள். ஊதா வெளிச்சம் அடிக்கிற மலிவான டார்ச்சில் துணியின் ஒளிர்வு சரியாகத் தெரியாது.

இருட்டறையில் துணி பேட்ஜ் மேல் யூவி அடித்தால், நூல் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்கிறதா என்று பாருங்கள். துணியை வெளுப்பாகக் காட்டும் ரசாயனங்கள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். ஆகவே ஒளிரும் நூல் 1940-ம் ஆண்டு பேட்ஜில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் பழைய பேட்ஜை இன்றைய சோப்புத் தூளில் துவைத்தாலும் அதே மாதிரி ஒளிரும். மேலே மட்டும் ஒளிர்ந்து, தையல் மடிப்புக்குள் ஒளிராமல் இருந்தால் துவைத்ததாக இருக்கலாம். ஒளிராத நூல் எல்லாம் பழசு என்றும் அர்த்தமில்லை. யூவி சோதனையில் ஒரு பேட்ஜைச் சந்தேகிக்கத்தான் முடியும், பாஸ் போட முடியாது.

3. பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தைப் பார்த்துத்தான் போலி செய்பவரும் செய்கிறார். பின்பக்கத்தில் அவ்வளவு அக்கறை காட்டமாட்டார். அதனால் உலோக விங்ஸ் எதுவானாலும் முதலில் திருப்பிப் போடுங்கள்.

மாட்டும் வகையைப் பாருங்கள். நீள ஊசியும் அதைப் பூட்டும் கொக்கியுமா, திருகாணியா, அல்லது இரண்டு சின்ன முள்ளும் அவற்றில் அழுத்திப் பூட்டும் பொத்தானுமா? பொத்தான் பூட்டு அமெரிக்க பேட்ஜ்களில் பரவலானது இரண்டாம் உலகப் போரின்போது. முதல் உலகப் போர் விங்ஸ் என்று விற்கப்படுவதில் அது இருந்தால், ஒன்று பிற்காலத்தில் மாற்றி வைத்தது, அல்லது பேட்ஜே பிற்காலத்தது. பற்றவைத்த இடத்தை லூப்பில் பாருங்கள்: சுற்றியுள்ள உலோகம் கறுத்து, பற்று மட்டும் பளபளவென்று இருந்தால் ஊசி சமீபத்தில் வைத்தது.

அடுத்து, அச்சில் அடித்ததா, வார்த்ததா? அசல் விங்ஸ் பெரும்பாலும் எஃகு அச்சில் அடித்தவை. இறகின் கோடுகள் கூர்மையாக இருக்கும், ஓரத்தில் வெட்டிய தடம் நேர்க்கோடுகளாகத் தெரியும். அசலை வைத்து அச்செடுத்து வார்த்த போலியில் கோடுகள் மழுங்கி இருக்கும், பின்பரப்பில் ஊசி குத்தியது மாதிரி நுண்ணிய துளைகள் இருக்கும், ஓரத்தில் அரம் போட்ட கீறல் இருக்கும். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்குவதால் போலி அசலை விடக் கொஞ்சம் சின்னதாகவும் இருக்கும். காலிப்பர் அதற்குத்தான். அமெரிக்க ராணுவ விமானப்படையின் வழக்கமான அளவு 3 அங்குலம், அதாவது 76 மி.மீ. சுற்றி. சட்டைக்கு 2 அங்குலத்திலும் செய்தார்கள். ஒரே தயாரிப்பாளரின் சந்தேகமில்லாத பேட்ஜின் அளவோடு ஒப்பிட்டு 1 மி.மீ. குறைந்தாலே யோசியுங்கள்.

ஒரு வகை ஏமாற்று மட்டும் காலிப்பருக்கு அகப்படாது. சில பழைய அச்சுகள் போருக்குப் பிறகும் பிழைத்திருந்து, அவற்றில் மறுபடி அடித்த விங்ஸ் சந்தையில் உண்டு. அசல் அச்சு என்பதால் அளவு, கூர்மை எல்லாம் பொருந்தும். ஊசி வகையும் முத்திரையின் எழுத்து வடிவமும்தான் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

முத்திரை என்று வந்தால், பிரிட்டிஷ் வெள்ளி ஒரு வரம். நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங் (92.5 சதவீத) வெள்ளி, நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன், பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்து ஆண்டு. நகரம் வாரியாக எழுத்து அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எழுத்தோடு அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் பொருத்துங்கள், ஏனென்றால் அதே எழுத்து சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். அமெரிக்காவில் இந்த ஏற்பாடு கிடையாது. 'ஸ்டெர்லிங்' என்ற சொல்லும் தயாரிப்பாளர் பெயரும் இருக்கும், அவ்வளவுதான். மேயர், பால்ஃபோர், அமிகோ, ஜெம்ஸ்கோ என்றெல்லாம் பார்ப்பீர்கள். வெளிநாட்டில் இருந்த அமெரிக்க விமானிகளுக்காக அங்கங்கே செய்தவையும் உண்டு: ஆஸ்திரேலியாவில் ஆங்கஸ் அண்ட் கூட், இங்கிலாந்தில் கான்ட். பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணுமாகக் குறியீடு இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது.

வெள்ளிதானா என்று பார்க்கப் பெரிய நகைக்கடைகளில் இருக்கும் கேரட் மீட்டர் போதும். சில நிமிட வேலை, சொற்பக் கட்டணம், பொருளுக்குச் சேதமில்லை. உரைகல்லில் தேய்க்கவோ ஆசிட் வைக்கவோ விடாதீர்கள், "லேசாத்தான் சார்" என்று சொல்லிக்கொண்டே ஓரத்தில் இழுத்துவிடுவார்கள். 92.5 என்று காட்டினால் அது வெள்ளி என்று மட்டும்தான் தெரியும். வயது தெரியாது.

4. நடு எழுத்தும் கிரீடமும்

பிரிட்டிஷ் மரபு விங்ஸில் நடுவே வளையத்துக்குள் படையின் முதலெழுத்துகள் பின்னியிருக்கும். ஆர்.எஃப்.சி. என்றால் ராயல் ஃப்ளையிங் கோர், 1918 ஏப்ரல் 1-க்கு முந்தையது. அன்றுதான் ஆர்.ஏ.எஃப்., அதாவது ராயல் ஏர் ஃபோர்ஸ், பிறந்தது. ஆர்.ஐ.ஏ.எஃப். என்று இருந்தால் ராயல் இந்திய விமானப்படை. 'ராயல்' பட்டம் 1945 மார்ச்சில் வந்து, 1950 ஜனவரியில் குடியரசானபோது போய்விட்டது. ஐந்து ஆண்டு கூட நிறையாத இந்தக் காலத்தால்தான் அந்த எழுத்துக்கு இவ்வளவு கிராக்கி, கிராக்கி இருக்கிற இடத்தில் போலியும் அதிகம். பாகிஸ்தானுக்கு 'ராயல்' 1956 வரை இருந்தது. இலங்கையில் ராயல் சிலோன் விமானப்படை 1951-ல் தொடங்கி, 1972-ல் குடியரசானதும் பெயர் மாறியது.

கிரீடம் காலத்தைச் சொல்லும். வளைவுகள் உருண்டு குவிந்திருந்தால் அரசர் கிரீடம், உச்சியில் உள்நோக்கிப் பள்ளம் விழுந்திருந்தால் எலிசபெத் அரசியின் கிரீடம், 1953 வாக்கில் தொடங்கியது. "குவிந்த கிரீடம் என்றால் 1953-க்கு முந்தியது" என்று பழைய புத்தகங்கள் எல்லாம் சொல்லும். 2022-க்குப் பிறகு அதை அப்படியே நம்ப முடியாது, சார்லஸ் அரசர் மறுபடி குவிந்த கிரீடத்தையே எடுத்துக்கொண்டார், புதிய பேட்ஜ்களில் அதுதான் வருகிறது.

5. ஒற்றைச் சிறகு என்றால் உடைந்தது என்று நினைக்காதீர்கள்

பைலட் அல்லாத விமானக் குழுவினருக்கு ஆர்.ஏ.எஃப். கொடுத்தது ஒரு வளையமும் அதிலிருந்து ஒரு பக்கம் மட்டும் விரியும் ஒரு சிறகும். வளையத்துக்குள் உள்ள எழுத்துதான் வேலை. ஓ என்றால் அப்சர்வர், அதாவது விமானத்திலிருந்து கண்காணிப்பவர், முதல் உலகப் போரிலிருந்தே உண்டு. ஏஜி என்றால் துப்பாக்கி வீரர், 1939 டிசம்பரில் வந்தது. 1942-ல் அப்சர்வர் என்ற பிரிவையே எடுத்துவிட்டு நேவிகேட்டருக்கு என், குண்டு வீசுபவருக்கு பி என்று பிரித்தார்கள். ஆனாலும் ஏற்கெனவே ஓ வாங்கியவர்கள் அதைக் கழற்றவில்லை, ஆகவே 1944-ம் ஆண்டுப் புகைப்படத்தில் ஓ இருந்தால் திகைக்க வேண்டாம். இ ஃப்ளைட் எஞ்சினியர், எஸ் சிக்னலர். டபிள்யூஏஜி (வயர்லெஸ் இயக்கும் துப்பாக்கி வீரர்) என்று மூன்றெழுத்து இருந்தால் கனடா, ஆஸ்திரேலியா பக்கம் தேடுங்கள். ரேடியோ அப்சர்வரின் ஆர்ஓ, வானிலை அப்சர்வரின் எம் இரண்டும் அடிக்கடி கண்ணில் படாது.

சாதாரண ஒற்றைச் சிறகை வாங்கி, நடு எழுத்தை மட்டும் பிரித்து, அபூர்வ எழுத்தைத் தைத்துவிடுவது ஒரு பழைய வேலை. துணியைத் திருப்பி, எழுத்தின் நூலும் சிறகின் நூலும் ஒரே அளவு மங்கியிருக்கிறதா, எழுத்தைச் சுற்றிப் பழைய ஊசித் துளைகள் தெரிகிறதா என்று லூப்பில் பாருங்கள்.

6. அமெரிக்க விங்ஸில் நடுவில் இருப்பது

வெறும் கேடயம் மட்டும் இருந்தால் பைலட், இதுதான் அதிகம் கிடைப்பது. மேலே நட்சத்திரம் வந்தால் சீனியர் பைலட், நட்சத்திரத்தைச் சுற்றி மாலை வந்தால் கமாண்ட் பைலட். இலக்கு வட்டத்தின் மேல் விழும் குண்டு பாம்பார்டியர், வளையங்களால் ஆன கோளம் நேவிகேட்டர், சிறகு முளைத்த தோட்டா கன்னர். கேடயத்தின் மேல் ஜி இருந்தால் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) பைலட், எல் லியாசன் (தொடர்புப் பணி) பைலட், எஸ் சர்வீஸ் (போரிடாத பணி) பைலட். மருத்துவருடையது 1944 வரை தங்க நிறம், அப்புறம் வெள்ளி நிறம். பெண் விமானிகளின் வாஸ்ப் அமைப்புக்கு நடுவில் சாய்சதுரம் வந்தது, அதன் ஆரம்பகால வகுப்புகளின் விங்ஸ் வேறு மாதிரி. வாஸ்ப் என்று யாராவது விற்றால் ஆவணம் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

ஜி எழுத்தில் ஒரு குழப்பம் உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்தின் இரண்டாம் கிளைடர் பைலட் பேட்ஜிலும் ஜிதான், ஆனால் அது துணியில் வளையத்துக்குள் இருக்கும்.

எல், எஸ், ஜி மூன்றும் பைலட் விங்ஸ் மேல் பிற்காலத்தில் ஒட்டக்கூடியவை என்பதால் எழுத்தின் அடிப்பகுதியைக் கூர்ந்து பாருங்கள். அச்சிலேயே சேர்த்து அடித்தது என்றால் எழுத்துக்கும் கேடயத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்காது. தனியாகப் பற்றவைத்த அசல்களும் உண்டு என்பதால் இடைவெளி தெரிந்தவுடன் போலி என்று முடிவு கட்டாமல், அந்தத் தயாரிப்பாளர் எப்படிச் செய்தார் என்று தேடுங்கள்.

7. எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை: நம் நாட்டில் செய்த விங்ஸ்

நான் அதிகம் அலைந்தது இதற்காகத்தான். 1942 முதல் 1945 வரை அசாமின் சபுவா, தின்ஜன் மாதிரியான ஓடுதளங்களிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன அமெரிக்க விமானிகள் ஏராளம். விங்ஸ் தொலைந்தால், இல்லை கொஞ்சம் ஆடம்பரமாக வேண்டும் என்று தோன்றினால், கல்கத்தா மாதிரி ஊர்களில் தட்டாரிடமோ ஜரிகைக்காரரிடமோ போய்ச் செய்துகொண்டார்கள். அவை எதுவும் ஒன்று போல் ஒன்று இருக்காது. இடது சிறகில் ஒரு இறகு கூட இருக்கும், கேடயத்துப் பட்டைகளின் எண்ணிக்கை தப்பும், 'ஸ்டெர்லிங்' என்பதை எழுத்துப் பிழையோடு குத்தியிருப்பார்கள். வெளிநாட்டு நிபுணர் அச்சு பேட்ஜ்களையே பார்த்துப் பழகியவர் என்றால் இதைக் கையில் எடுத்ததுமே போலி என்பார். எனக்குத் தெரிந்து நல்ல விங்ஸ் பல குப்பை விலைக்குப் போனது இப்படித்தான்.

ஆனால் இதன் மறுபக்கமும் நம் துணைக்கண்டத்தில்தான் இருக்கிறது. பாகிஸ்தானின் சியால்கோட்டிலும் நம் வாரணாசியிலும் இன்றும் உலகத்துக்கே ஜரிகை பேட்ஜ் செய்து அனுப்புகிறார்கள். அதே கை வேலை, அதே நுட்பம். செய்பவர்கள் புதுசு என்று சொல்லித்தான் விற்கிறார்கள், கை மாறி மாறி வரும்போது அதற்கு எண்பது வயதாகிவிடுகிறது.

பிரித்துப் பார்ப்பது எப்படி? கம்பியில் தொடங்குங்கள். ஆரி வேலை பிளவுஸில் வைத்துத் தைக்கும் ஜர்தோசிச் சுருள் தெரியும்தானே, அதே சுருள்தான். பழையது செம்புக் கம்பியில் வெள்ளி முலாம் போட்டது, நாளாக ஆக இறகின் மேடுகளில் பழுப்பாகவும் பள்ளங்களில் கறுப்பாகவும் மாறி, சில இடங்களில் செம்பின் சிவப்பு எட்டிப்பார்க்கும். இன்றைய பிளாஸ்டிக் பூச்சு ஜரிகை கறுக்கவே கறுக்காது. கறுப்பு மை தடவிப் பழசாக்கியிருந்தால் மேடு பள்ளம் எல்லாம் ஒரே சீராகக் கறுத்திருக்கும். தெருமுனை ஆரி வேலைக் கடையில் காட்டுங்கள், பேட்ஜைப் பற்றி ஒன்றும் தெரியாதவரே கம்பியைத் தொட்டுப் பார்த்து இது இப்போது கிடைக்கும் சரக்கா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

அப்புறம் பின்பக்கம். பழையதில் தடித்த காகிதமோ பருத்தித் துணியோ பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். காகிதம் பழுப்பேறி, மடங்கிய ஓரத்தில் உடைந்து உதிரும். புதியதில் பளிச்சென்ற வெள்ளைப் பஞ்சுத் தாளோ செயற்கை ஃபெல்ட்டோ இருக்கும். பேட்ஜை வளைக்காமல் ஓரத்தில் தொங்கும் ஒரே ஒரு நூலை மட்டும் எடுத்துத் தீயில் காட்டலாம்: பருத்தி சாம்பலாகும், செயற்கை நூல் உருகி மணியாகும்.

8. விமானப்படையே அல்லாதவை

விமான நிறுவனங்களின் விங்ஸும் நிறையப் புழங்குகின்றன. ஏர் இந்தியாவின் வில்லேந்திய குதிரைமனிதனைப் பார்த்து ஏதோ ரகசியப் படை என்று விற்றவர்களும் உண்டு. 1953-ல் நாட்டுடைமை ஆவதற்கு முன் டெக்கான், பாரத், ஹிமாலயன், கலிங்கா என்று தனியார் நிறுவனங்கள் பல இருந்தன, அவற்றின் விங்ஸ் உண்மையிலேயே கிடைப்பது கஷ்டம். குழந்தைகளுக்கு விமானத்தில் இலவசமாகக் கொடுத்த பிளாஸ்டிக் அல்லது தகர விங்ஸ் தனி ரகம். சின்னதாக, எனாமலோ முத்துச்சிப்பியோ பதித்து அழகாக இருந்தால் அது மனைவிக்கோ காதலிக்கோ வாங்கிக் கொடுத்த ப்ரூச்சாக இருக்கும், சீருடைக்கு உரியதல்ல.

ஜெர்மன் பேட்ஜ்களில் புதியவர்கள் கை வைக்க வேண்டாம். போலிகள் அவ்வளவு.

9. ஆவணங்கள்

வீட்டிலிருந்து வந்த விங்ஸ் என்றால் முதலில் லாக்புக் (பறந்த கணக்கை எழுதும் ஏடு), பே புக் (சம்பள ஏடு), விடுவிப்புச் சான்று, புகைப்படங்களைத் தேடுங்கள். கையால் செய்த விங்ஸுக்குப் புகைப்படம் போல் சாட்சி இல்லை: அதே கோணலான இறகு அந்தப் படத்திலும் தெரிந்தால் வேறு எதுவும் வேண்டாம். வீட்டில் பெரியவர்களுக்கு நினைவிருப்பதை இப்போதே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பெயர் தெரிந்தால் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட் இணையத்தில் இலவசம், அதிகாரிகளின் நியமனங்கள் கிடைக்கும். இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடலும் இலவசம். ராயல் ஃப்ளையிங் கோரிலிருந்து ஆர்.ஏ.எஃப்.-க்கு வந்த அதிகாரிகள் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏர் 76 தொகுப்பு, தரவிறக்கக் கட்டணம் சில பவுண்டு. இந்திய விமானப்படை அதிகாரிகளுக்கு பாரத் ரக்ஷக் தளத்தின் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.

அமெரிக்கப் பெயர் என்றால் செயின்ட் லூயிஸில் உள்ள பணியாளர் ஆவண மையம். 1973 ஜூலையில் அங்கே பிடித்த தீயில், 1912 முதல் 1960 வரை விடுவிக்கப்பட்ட ராணுவத்தினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்துபோயின, போர்க்கால விமானிகள் ராணுவக் கணக்கில்தான் வருவார்கள். ஆகவே "பதிவு இல்லை" என்று பதில் வந்தால் அப்படி ஒருவரே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விடுவிக்கப்பட்டு 62 ஆண்டு ஆனவர்களின் கோப்பை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

விற்பவர் பேட்ஜோடு ஒரு லாக்புக்கையும் சேர்த்துக் கொடுத்தால் சந்தோஷப்படுவதற்கு முன் யோசியுங்கள். தனித்தனியாக வாங்கிய இரண்டை ஜோடி சேர்ப்பது இந்த வியாபாரத்தில் சகஜம். லாக்புக்கில் அவர் நேவிகேட்டர், கையில் உள்ளதோ பைலட் விங்ஸ் என்றால் கதை அங்கேயே முடிந்தது.

10. காலம், செலவு, சட்டம்

படம் எடுப்பது, அளப்பது, நிறுப்பது எல்லாம் ஒரு வார இறுதியில் முடியும். முன், பின், பக்கவாட்டு ஓரம், முத்திரை, ஊசியின் பற்று, அளவுகோலோடு ஒன்று என ஆறு படமாவது பகல் வெளிச்சத்தில் எடுங்கள். இவை இல்லாமல் கேட்டால் யாரும் மதித்துப் பதில் சொல்லமாட்டார்கள். சேகரிப்பாளர்களின் பதிலுக்கு ஒன்றிரண்டு வாரம், வெளிநாட்டு ஆவண அலுவலகங்களுக்கு மாதக்கணக்கில் பொறுங்கள். காசு கொடுத்து எழுத்துச் சான்று வாங்குவது, அதிக விலைக்கு விற்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் அர்த்தமுள்ள செலவு. படத்தை மட்டும் பார்த்துச் சான்று தருகிறேன் என்பவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் வயதைக் கணக்குப் போடுங்கள். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. முதல் உலகப் போர் விங்ஸ் எல்லாம் இப்போது அந்த எல்லைக்குள் வந்துவிட்டன, சரிபார்க்க அனுப்புகிறேன் என்றாலும் அதே சட்டம்தான். நூறுக்குக் குறைவு, ஆனால் பார்க்கப் பழசாக இருக்கிறது என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்கி பார்சலோடு வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் சுங்க வரி தனி, விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரைக் கேட்காதீர்கள், பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்த எழுதிய விலைக்குத்தான்.

ஆசைக்குச் சட்டையில் குத்திக்கொண்டு வெளியே போகவும் வேண்டாம். விமானப்படை வீரர் என்று மற்றவர் நம்பவேண்டும் என்ற நோக்கத்தோடு அந்தச் சின்னத்தை அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 168-ம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பதற்கு ஒரு தடையும் இல்லை, ஆனால் ஒட்டுவதற்குப் பசையோ செல்லோடேப்போ வேண்டாம், அமிலமில்லாத அட்டையில் பருத்தி நூலால் கட்டி வையுங்கள்.